கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு எட்டு

ஸ்ரீரங்கத்தில் முதல் டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். காவிரிப் பாலத்துக் காற்று முகத்தில் அடிக்கிறது, எதிரே இருட்டில் மலைக்கோட்டை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னே? திருச்சியில் ஒரு கல்லூரியின் கால்பந்து அணியை, பந்து அறை முதல் உடை மாற்றும் அறை வரை, உள்ளே போய்ப் பார்க்க விட்டிருக்கிறார்கள்! ஒரே நிபந்தனை: கல்லூரியின் பெயரும் பையன்கள் பெயரும் எழுத்தில் வரக்கூடாது. “பேரு வந்தா தலைக்கு ஏறிடும் சார், இப்பதான் கால்ல ஏறிக்கிட்டு இருக்கு” என்றார் கோச்.

வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே தோற்று, மத்தியானமே பஸ் ஏறிய அணி இது. இப்போது எதிரணிகள் இவர்களோடு மோதுவதென்றால் யோசிக்கிறார்கள். எப்படி நடந்தது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த அதிகாலை ஓட்டம்.

பந்து அறையில் வலைப்பை, கோன், வியர்வை வாடை அடிக்கும் பிப். மேஜை மேல் ஒரு நோட்டு. வியூகப் படம் இருக்கும் என்று ஆவலோடு திறந்தேன். ஒன்றுகூட இல்லை! ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று கட்டம்: வந்தானா, சாப்பிட்டானா, அரியர் எத்தனை.

“ஃபோர்-த்ரீ-த்ரீ எல்லாம் அப்புறம் சார். பழைய சோத்தத் தின்னுட்டு வந்தாலும் பரவால்ல, வெறும் வயித்தோட ஓடுனா அறுபதாவது நிமிஷம் கெண்டைக்கால் புடிச்சுக்கும். நாங்க தோத்த மேட்ச் பாதி அப்படித்தான்.”

கல்லூரி அணியின் கஷ்டமே தனி. கிளப்புக்கு ஆள் வேண்டுமென்றால் காசு கொடுத்து எடுக்கலாம். இங்கே அட்மிஷனில் யார் வருகிறார்களோ அவர்கள்தான். மூன்று வருஷம் செதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு பாஸ் கொடுக்கும் அளவுக்கு அணி சேர்ந்ததும் பாதிப் பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நாக் அவுட் போட்டியில் ஒரு மத்தியானம் சறுக்கினால் அந்த வருஷமே போச்சு. இதற்கு நடுவில் செமஸ்டர், அட்டெண்டன்ஸ், ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் ஆடப் போய்க் கணுக்காலை வீங்க வைத்துக்கொண்டு வருவது. அந்தக் கோபத்தை மட்டும் கோச்சால் மறைக்க முடியவில்லை.

மைதானத்தில் வட்டம் கட்டி நிற்கிறார்கள், நடுவில் இரண்டு பேர். ஒன் டச்தான், பந்தை நிறுத்தினால் நடுவுக்குப் போகணும். பொன்மலைப் பையன் ஒருவன், ரயில்வே பணிமனைக் குடும்பம், கால் நாட்டியம் ஆடுகிறது! ஆனால் பந்து கிடைத்ததும் திணறித் திணறி இழக்கிறான். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கோச் நடந்து போய் அவன் தோளைப் பிடித்து லேசாகப் பக்கவாட்டில் திருப்பினார். “பந்து வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவ திரும்பிப் பாருடா தம்பி. வந்தப்புறம் பாத்தா லேட்டு.” அவ்வளவுதான். அடுத்த பந்து வருகிறது, தலை திரும்புகிறது, பந்து வெட்டியெடுத்த மாதிரி எதிர்ப்பக்கம் பறக்கிறது. நான் கோட்டுக்கு வெளியே துள்ளிக் குதித்தேன்!

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பழைய பேப்பர் கட்டிங். 2018-19 ஐ-லீக் பட்டியல்: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. அதற்கு முந்தைய சீசனில் சென்னை சிட்டி 10 அணிகளில் 8ஆம் இடம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் கோச்சாக வந்து, பந்தைக் காலிலேயே வைத்து விளையாடச் சொன்னார். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம், கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை நிச்சயம். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. இடைவேளைக்குப் பிறகு சென்னை சிட்டியின் மான்சி பெனால்டியில் சமன் செய்ய, அடுத்த இரண்டு கோலையும் அடித்தவர் யார் தெரியுமா? கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர்! 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம்.

அந்த இரண்டாவது பாதியை இந்தப் பையன்கள் போனில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்களோ, எந்த நிமிஷம் எது நடந்தது என்று கோரஸாகச் சொல்கிறார்கள். கோல் வாங்கிய பிறகும் அவசரப்பட்டுப் பந்தைத் தூக்கி அடிக்காமல், பழகிய ஆட்டத்தையே ஆடியதை மட்டும் கோச் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாராம்.

அவித்த முட்டைத் தூக்கு வந்தது. ஆளுக்கு இரண்டு, கூடவே வாழைப்பழம். தோலுரித்துக்கொண்டிருக்கும்போது கோல்கீப்பர் வாசலில் மூச்சு வாங்க நிற்கிறான், கையில் போன். “சார், மேத்ஸ் அரியர் போயிருச்சு சார்! க்ளியர்!”

கோல் அடித்திருந்தால்கூட இப்படி ஒரு கூச்சல் வந்திருக்காது. முட்டைத் தூக்கு கவிழ்ந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை, அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். கோச் நோட்டைப் பிரித்து, அவன் பக்கத்தில் 3 என்றிருந்ததை அடித்துவிட்டு 2 என்று எழுதினார். பேனாவை மூடாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“லெஃப்ட் பேக் எங்கடா? உன் ரிசல்ட் என்னாச்சு?”