காரில் போனவர்கள் லாரிக்கு மாறினார்கள்!
காடு, மலை, பாலைவனம் சுற்றிய 2 நண்பர்களின் கதை

மழைக்காலத்தில் லாரி சேற்றில் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும்? டிரைவர் கீழே இறங்குவார். கிளீனர் கல் தேடி ஓடுவார். நாலு பேர் தள்ளுவார்கள். நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். "ரோடு இல்லாத இடத்துக்கு எவனாவது லாரியைக் கொண்டுபோவானா?" என்று ஒரு பெரியவர் சத்தம் போடுவார்.

போனார்கள் ஐயா, போனார்கள்! அதுவும் பிழைப்புக்காக அல்ல. ஊர் சுற்றும் ஆசைக்காக!

ஒருவர் பெயர் ஹான்செல்கா. மற்றவர் சிக்முண்ட். இருவரும் செக்கோஸ்லோவாகியா நாட்டுக்காரர்கள். அந்த நாடு 1993-ல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆனால் இந்த இருவரின் பெயர் அங்கே இன்னும் பிரியவில்லை. ஒருவரைச் சொன்னால் அடுத்தவர் பெயரும் கூடவே வரும்.

கல்லூரி நட்பு

1938-ம் ஆண்டு. பிராக் நகரில் வணிகக் கல்லூரி. கணக்கும் வியாபாரமும் படிக்க வந்த இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். இருவருக்கும் ஒரே பைத்தியம்: உலகத்தைச் சுற்ற வேண்டும்!

அடுத்த வருடமே ஹிட்லரின் படை நாட்டைப் பிடித்தது. கல்லூரிகளை இழுத்து மூடினார்கள். வேறு யாராவது என்றால் மனம் ஒடிந்துபோயிருப்பார்கள். இவர்கள் மேப்பை விரித்து உட்கார்ந்தார்கள். பாஷைகளைப் படித்தார்கள். எந்த நாட்டுக்கு எந்த வழி என்று திட்டம் போட்டார்கள். யுத்தம் முடிவதற்கும் திட்டம் முடிவதற்கும் சரியாக இருந்தது.

முதல் பயணம்

கையில் காசு இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நேராக மோட்டார் கம்பெனிக்குப் போனார்கள். கம்பெனியின் பெயர் டாட்ரா. (டாட்டா அல்ல, டாட்ரா!) "உங்கள் காரை ஆப்பிரிக்காவில் ஓட்டிக் காட்டுகிறோம். நாலு நாட்டுக்காரன் பார்த்தால் உங்களுக்குத்தானே வியாபாரம்?" என்பதுதான் அவர்கள் வைத்த யோசனை. கம்பெனிக்கும் அது பிடித்துப்போனது.

1947 ஏப்ரல் 22-ந் தேதி பிராக்கில் இருந்து புறப்பட்டது டாட்ரா 87 கார். மீன் மாதிரி வழவழப்பான உடம்பு. எஞ்சின் பின்பக்கம். ஆப்பிரிக்காவை வடக்கில் இருந்து தெற்கு வரை கடந்தார்கள். பிறகு கப்பலில் காரை ஏற்றி தென் அமெரிக்கா. திரும்பி வந்தது 1950 நவம்பரில்!

போகும்போது நாட்டில் ஜனநாயக ஆட்சி. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அப்போது இருவரும் ஆப்பிரிக்காவில் இருந்தார்கள். ஒரு நாட்டில் இருந்து கிளம்பி, வேறு ஒரு நாட்டுக்குத் திரும்பியது போல ஆகிவிட்டது.

வழியெல்லாம் ரேடியோவுக்குச் செய்தி அனுப்பினார்கள். படம் பிடித்தார்கள். வந்த பிறகு புத்தகம் எழுதினார்கள். புத்தகங்கள் லட்சக்கணக்கில் விற்றன. வெளிநாடு போக அனுமதி கிடைக்காத அந்த நாட்டு மக்கள், இவர்கள் கண் வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள்.

ஏன் லாரி?

சொகுசு கார் ரோட்டுக்குத்தான் லாயக்கு. மணலிலும் பாறையிலும் வயிறு தட்டும். இரண்டு பேருக்கு மேல் சாமானோடு இடம் கிடையாது. ஆனால் ஆசையோ, ரோடு முடியும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது!

ஆகவே அடுத்த பயணத்துக்கு ராணுவ லாரியைக் கேட்டார்கள். டாட்ரா 805. சின்ன லாரிதான். செக் மக்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் 'வாத்து'.

வாத்து என்று கேலியாக நினைக்க வேண்டாம். அதன் சூட்சுமத்தைக் கேளுங்கள்:

நாலு சக்கரமும் இழுக்கும். பின்சக்கரம் சேற்றில் சுழன்றால் முன்சக்கரம் வண்டியைத் தூக்கிவிடும்.

வழக்கமான லாரிக்கு ஏணி மாதிரி சட்டம் இருக்கும். இதற்கு முதுகெலும்பு மாதிரி நடுவில் ஒரே குழாய். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினாலும் மற்றவை தரையை விடாது.

சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தனியாகப் பல்சக்கரம் வைத்து, அச்சை உயரத்தில் தூக்கியிருந்தார்கள். அதனால் அடிவயிறு கல்லில் இடிக்காது.

எஞ்சினுக்கு ரேடியேட்டரே கிடையாது. காற்றுதான் குளிரவைக்கும். பாலைவனத்தில் தண்ணீர் கொதிக்கும் தொல்லை இல்லை. சைபீரியக் குளிரில் தண்ணீர் உறையும் பயமும் இல்லை.

இரண்டு லாரிகளிலும் பெட்டி கட்டி, அதையே வீடாகவும் ஆபீசாகவும் ஆக்கிக்கொண்டார்கள். கூட ஒரு மெக்கானிக், ஒரு டாக்டர். ஆக மொத்தம் 4 பேர்.

5 வருடப் பயணம்

1959 ஏப்ரல் 22. முதல் பயணம் கிளம்பிய அதே தேதி! துருக்கி, சிரியா, ஈராக் என்று கிழக்கே வந்தன லாரிகள். இந்தியாவுக்கு வந்தார்கள். நேபாளம் போனார்கள். இலங்கைக்கும் போனார்கள். பிறகு இந்தோனேசியா, ஜப்பான். கடைசியாக ரஷியாவின் சைபீரியா. வீடு திரும்பியபோது 1964 நவம்பர்.

ரோடு இல்லாத இடத்தில் லாரி ஓட்டுவது வேகத்தில் இல்லை. மணல் வந்தால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். பள்ளம் வந்தால் சின்ன கியரில் மெல்ல இறங்க வேண்டும். ஆறு வந்தால் முதலில் ஆள் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். அவசரக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. காட்டையும் மலையையும் நின்று பார்க்கும் பொறுமை உள்ளவன்தான் அங்கே நல்ல டிரைவர்.

உண்மை சொன்னதற்குத் தண்டனை

சேற்றில் சிக்காத இவர்கள் சிக்கியது வேறு இடத்தில்!

ரஷியாவில் கண்ட குறைகளை ஒளிக்காமல் ஒரு ரகசிய அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்கள். பெயர், 'விசேஷ அறிக்கை எண் 4'. அது மாஸ்கோ தலைவர்கள் வரை போனது. மேலிடத்துக்குக் கசந்தது.

1968-ல் நாட்டில் சுதந்திரக் காற்று வீசியபோது இருவரும் அதை ஆதரித்தார்கள். ஆகஸ்டு 21-ந் தேதி ரஷிய டாங்கிகள் உள்ளே நுழைந்தன. சும்மா விடுவார்களா? எழுதத் தடை. நூலகங்களில் இருந்து புத்தகங்கள் அகற்றப்பட்டன. லட்சக்கணக்கான பிரதி விற்ற ஹான்செல்கா, தோட்டங்களில் மரக்கிளை வெட்டிப் பிழைத்தார்.

இலங்கைப் பயணம் பற்றி எழுதிய புத்தகத்தை அச்சடிக்கவே முடியவில்லை. தட்டச்சுப் பிரதியாகக் கைமாறிக் கைமாறிப் படித்தார்கள். அச்சில் வந்தது கம்யூனிஸ்டு ஆட்சி விழுந்த பிறகு, 1991-ல்!

ஹான்செல்கா 2003-ல் காலமானார். சிக்முண்ட் 2021 டிசம்பரில் மறைந்தார். அப்போது வயது 102.

முதல் பயணக் கார் பிராக் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் பத்திரமாக நிற்கிறது. அந்த முதுகெலும்புக் குழாய் வித்தையோ நம் நாட்டுக்கே வந்துவிட்டது. நம் ராணுவத்தின் பினாகா ராக்கெட்டுகளைச் சுமந்து போவது டாட்ரா லாரிதான்!

அடுத்த தடவை ரோட்டோரம் லாரி சேற்றில் சிக்கி நின்றால், திட்டிவிட்டுப் போகாதீர்கள். தள்ளுவதற்கு ஒரு கை கொடுங்கள். அந்த டிரைவர் மனதிலும் ஒரு பாலைவனம் இருக்கலாம். யார் கண்டது?