நீட்டிக்கப்பட்ட வாகன உத்தரவாதம்

நீட்டிக்கப்பட்ட வாகன உத்தரவாதம் என்பது தயாரிப்பாளரின் உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஏற்படும் பழுதுகளுக்காகத் தனிக் கட்டணம் செலுத்திப் பெறும் ஒப்பந்தம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டம் (1975) இதனை உத்தரவாதமாகக் கொள்ளாமல் சேவை ஒப்பந்தம் என வகைப்படுத்துகிறது.

பிரேக் பழுதுகள்

பிரேக் பட்டைகளும் வட்டுகளும் உராய்வினால் தேய்பவை. ஆதலால் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அவற்றை ஏற்பதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் நீரழுத்த அலகு பழுதுற்றால் பெரும்பாலும் முழு அலகையும் மாற்ற நேரிடும், செலவும் மிகும். அது ஒப்பந்தத்தில் அடங்குமா என்பதை ஒப்பந்த விதிகளைக் கொண்டே அறியலாம்.

பயன்

ஒப்பந்தக் கட்டணத்தில் எதிர்பார்க்கப்படும் பழுதுச் செலவுடன் விற்பனையாளரின் தரகும் நிறுவனத்தின் இலாபமும் அடங்கும். எனவே வாங்குவோர் சராசரியாகப் பெறுவதைவிடச் செலுத்துவதே அதிகம். அத்தொகையைத் தாமே சேமிக்க இயன்றவருக்கு இது தேவையற்றது; திடீர்ப் பெருஞ்செலவைத் தாங்க இயலாதவருக்கே பயன் தரக்கூடியது.