கண்ணாடியில் தெரிவது யார்?

எங்க வீட்டு நாய் முதல் நாள் நிலைக்கண்ணாடியைப் பார்த்துக் குரைத்தது. மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் போய் முகர்ந்து பார்த்தது. அதோடு சரி, பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. "அதுக்கு 'நான்'ங்கிற நினைப்பே கிடையாது சார்" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். அவ்வளவு சுலபமா முடிவு கட்டிடலாமா?

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் கார்டன் காலப். ஆண்டு 1970. கண்ணாடிக்கு நன்றாகப் பழகிய சிம்பன்சிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, புருவத்திலும் காதிலும் வாசனையில்லாத சிவப்புச் சாயம் பூசினார். விழித்ததும் அவை கண்ணாடியைப் பார்த்து, தங்கள் முகத்தில் சாயம் இருந்த இடத்தைத் தொட்டன. தெரிவது இன்னொரு சிம்பன்சி அல்ல, தான்தான் என்று அவற்றுக்குப் புரிந்திருந்தது.

நாய்கள் இதில் தேறுவதில்லை. ஆனா நாய்க்கு உலகமே மூக்கு வழியாகத்தானே? அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் கண்ணாடிக்குப் பதில் வாசனையை வைத்தார். நாய்கள் தங்கள் சிறுநீரின் வாசனையைவிட, அதில் வேறொரு வாசனை கலந்திருந்ததையே அதிக நேரம் முகர்ந்தன. இதுவே தன்னறிவுக்குச் சான்று என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாம் கேள்வியைத் தப்பான புலனிடம் கேட்டோம் என்பது தெரிகிறது.

இன்னொன்று. மனிதக் குழந்தையே ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குப் பிறகுதான் இந்தச் சோதனையில் தேறத் தொடங்கும். அதற்கு முன் தடுப்பூசி போட்டால் வலிக்காதா? வீறிட்டு அழுகிறதே! 'இது நான்' என்று அறிவது வேறு, 'வலிக்கிறது' என்று உணர்வது வேறு. முதலாவது இல்லை என்பதால் இரண்டாவதும் இல்லை என்றாகிவிடாது.

சரி, தேறிவிட்டால் மட்டும்? நியூயார்க் பிராங்ஸ் விலங்குக் காட்சிசாலையின் ஹேப்பி என்ற யானை, கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையில் இட்ட குறியைத் துதிக்கையால் தொட்டதாக 2006-இல் ஆய்வு வெளியானது. அதை அங்கிருந்து விடுவிக்கக் கோரி ஆட்கொணர்வு வழக்குப் போட்டார்கள். அந்த உரிமை மனிதருக்கே என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2022-இல் 5-2 என்ற கணக்கில் மறுத்தது.

தேறாததற்கு உணர்வில்லை என்கிறோம், தேறியதற்கு உரிமையில்லை என்கிறோம். நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, குனிந்து நாயின் தலையைத் தடவிக்கொடுத்தார்.