ஒரு குழந்தைக்கு ஊசி, இரண்டுக்கும் மயக்கம்!

டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 2017 அக்டோபரில் ஓர் அபூர்வ ஆபரேஷன் நடந்தது. தலை ஒட்டிப் பிறந்த ஒடிசா மாநிலக் குழந்தைகளை, சுமார் 30 டாக்டர்கள் 16 மணி நேரம் போராடிப் பிரித்தார்கள். அப்போது அவர்களுக்கு இரண்டு வயது கடந்திருந்தது.

பிறந்த சிசுக்களைப் பிரிப்பது இதைவிடக் கஷ்டம். கூடியவரை சில மாதம் வளரவிட்டே பிரிப்பார்கள். குடல் அடைத்துக்கொண்டாலோ, ஒரு குழந்தையின் உயிர் ஊசலாடினாலோ காத்திருக்க முடியாது. அப்போது கத்தி பிடிக்கும் டாக்டருக்குச் சமமான பொறுப்பு, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் உண்டு.

எல்லாமே இரண்டு

மயக்க மருந்து டாக்டர் கோஷ்டி இரண்டு, எந்திரமும் இரண்டு. மருந்து மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிறம் வைத்து, குழாய் முதல் குறிப்புத்தாள் வரை அடையாளம் ஒட்டுவார்கள்.

நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிய குழந்தைகள் முகம் பார்த்தபடி இருக்கும். ஒன்றின் தொண்டையில் மூச்சுக்குழாய் செலுத்தும்போது மற்றதன் தலை குறுக்கே நிற்கும். எனவே ஒன்றை முடித்த பிறகே மற்றது. அதுவரை இரண்டாவது குழந்தையை ஒருவர் தாங்கிப் பிடித்து, பிராணவாயு கொடுப்பார்.

ரத்தத்தில் கூட்டு

ஈரல் ஒன்றாக இருந்தால், ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் பாயும். ஒரு குழந்தைக்குப் போட்ட மருந்து, ஊசியே போடாத குழந்தையின் மூச்சையும் அடக்கிவிடலாம். ஆகவே இருவர் எடையையும் கூட்டிக் கணக்கிட்டு, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

2 கிலோ சிசுவின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே ஏறத்தாழ 170 மில்லிதான். ஒரு டம்ளர் காப்பி அளவு! அதில் நாலைந்து ஸ்பூன் போனாலே ஆபத்து. ரத்தம் தோய்ந்த துணியை எடை போட்டுப் பார்த்து, உடனுக்குடன் ஈடு செய்வார்கள். சிசுவின் உடம்பு குளிர்ந்துவிடாமல் அறையையே சூடாக்கி வைப்பார்கள்.

பிரியும் நேரம்

கடைசி இணைப்பை வெட்டும் நேரம்தான் பெரிய கண்டம். அதுவரை ஒன்றின் இருதயம் மற்றதற்கும் சேர்த்து உழைத்திருக்கலாம். துணை போனதும் பலவீனமான குழந்தையின் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். தயாராக வைத்த மருந்தும் ரத்தமும் அப்போதே ஏற வேண்டும்.

பிறகு ஒரு குழந்தையை அடுத்த மேஜைக்கு மாற்றுவார்கள். அதன் மயக்க மருந்து கோஷ்டியும் குழாயைப் பிடித்தபடி கூடவே நகரும்.