உங்களுக்குத் தெரியுமா? தொப்பி எழுத்துகளுக்கு ஓர் எக்ஸ்

கண் மருத்துவர் சாமென்ஹோஃப் 1887-இல் வார்சாவில் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழிக்கு 28 எழுத்துகள். அவற்றில் ஐந்தின் தலையில் தொப்பி. 'யு' ஒன்றின்மேல் மட்டும் பிறை. ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் இந்த ஆறும் கிடையாது.

தொப்பிக்குப் பதில் பக்கத்தில் 'ஹெச்' போடலாம் என்று சாமென்ஹோஃபே வழி சொன்னார். மனிதர் படிக்க அது போதும், கணினிக்குப் போதாது. விமான நிலையத்தைக் குறிக்கும் 'ஃப்ளுக்ஹவேனோ' என்ற சொல்லில் 'ஜி'யும் 'ஹெச்'சும் இயல்பாகவே அடுத்தடுத்து வருகின்றன. அங்கே தொப்பி வைப்பதா, விடுவதா?

மென்பொருள் எழுதியவர்களுக்குக் கைகொடுத்தது 'எக்ஸ்'. அந்த எழுத்தே எஸ்பெராண்டோவில் இல்லை என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. 'சி'க்குப் பின் 'எக்ஸ்' தட்டினால், தொப்பி வைத்த 'சி' திரையில் வந்து நிற்கும். அகரவரிசையும் பெரும்பாலும் கெடாது. அருமையான தேர்வு!

சிக்கல் பிறமொழிப் பெயர்களில்தான். பிரான்ஸின் போர்டோ நகரப் பெயர் ரோமன் எழுத்தில் 'யு', 'எக்ஸ்' என முடிகிறது. எஸ்பெராண்டோ விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டி முன்பு அதைப் பிறை வைத்த 'யு'வாக மாற்றிவந்தது. அதைத் தடுக்க, 'எக்ஸ்' விசையை இருமுறை தட்டும் ஏற்பாடு வந்தது.