பத்தாண்டு ஆட்டங்கள் கூறும் கணக்கு



ஒருகொடவத்தைச் சந்தியிலோ, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலோ மாலை வேளையில் நடந்து செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். நான்கு சிறுவர் கூடினால் அங்கே ஒரு பந்து உருளும். உதைபந்தாட்டம் கொழும்பு வடபகுதி மக்களுக்குப் புதிய விளையாட்டன்று. ஆயினும், "நமது தேசிய அணி எப்படி ஆடுகிறது?" என்று கேட்டால், பலரும் தலையை அசைத்துவிட்டுப் பேச்சைக் கிரிக்கெட்டுக்குத் திருப்பிவிடுவர். அவ்வாறு திருப்பிவிடாமல், 2015 முதல் 2024 வரையுள்ள பத்தாண்டுகளில் இலங்கை அணி பெற்ற பெறுபேறுகளை இன்று நிதானமாக நோக்குவோம்.

கணக்கின் முதல் வரியே கசப்பானது. 2015 மார்ச் மாதத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் பூட்டான் நம்மை எதிர்கொண்டது. அந்நாடு அத்தகைய போட்டியில் கால்வைத்தது அதுவே முதல் தடவை. உலகத் தரவரிசையில் அப்போது அதுவே கடைசி நாடு. கொழும்பில் 1-0 எனவும், திம்புவில் 2-1 எனவும் பூட்டானே வென்றது. முதற் சுற்றிலேயே தோற்ற நாட்டுக்கு, அடுத்த உலகக் கிண்ணச் சுற்று தொடங்கும்வரை அந்தக் கதவு மூடியே இருக்கும். நமக்கு அது மீண்டும் திறந்தது 2019 இலேதான்.

அந்த 2019 ஆம் ஆண்டை எவரும் மறப்பதற்கில்லை. ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. ஜூன் மாதம் மக்காவோ அணியுடன் நாம் ஆட வேண்டியிருந்தது. சீனாவில் நடந்த முதலாவது ஆட்டத்தில் 1-0 எனத் தோற்றோம். இரண்டாவது ஆட்டத்துக்குக் கொழும்பு வர, பாதுகாப்பைக் காரணங்காட்டி மக்காவோ மறுத்துவிட்டது. பீபா எனப்படும் உலகச் சம்மேளனம் 3-0 என்ற வெற்றியை நமக்கு வழங்கியது. ஏட்டில் வெற்றி, மைதானத்திலோ பந்து உருளவேயில்லை.

அடுத்த சுற்றில் தென் கொரியா, வட கொரியா, லெபனான், துருக்மெனிஸ்தான் ஆகிய வலிய நாடுகள் நமக்கு வாய்த்தன. தென் கொரியா தன் மண்ணில் 8-0 என வென்றது. வட கொரியாவிடமோ 1-0 என்றே தோற்றோம். அந்நாடு பின்னர் விலகியதால் அவ்வாட்டம் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 2021 ஜூன் மாதம் லெபனானுடன் 3-2 எனப் பொருதித் தோற்றோம். ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசீக் நமது இரு கோல்களையும் போட்டார். 2023 ஒக்டோபரில் யேமனிடம் 3-0 எனத் தோற்று, கொழும்பில் 1-1 எனச் சமநிலை கண்டோம்.

நேயர்களே, இவற்றைக் கூட்டிப் பார்ப்போம். நீக்கப்பட்ட ஆட்டத்தையும் சேர்த்து, உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் அப்பத்தாண்டில் உண்மையாகவே ஆடப்பட்டவை 12. தோல்வி 11, சமநிலை 1. போட்ட கோல்கள் 4; வாங்கியவை 32. மைதானத்தில் பெற்ற வெற்றி ஒன்றேனும் இல்லை.

இத்துடன் கணக்கை மூடிவிடுதல் நியாயமாகாது. அந்த 32 கோல்களில் 13 தென் கொரியாவுடனான இரண்டே ஆட்டங்களில் வந்தவை. எஞ்சிய பத்து ஆட்டங்களில் 19 கோல்கள். அதாவது ஆட்டமொன்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. இது கரைசேர இயலாத இடைவெளியன்று. 2021 இல் மாலைதீவில் நடந்த தெற்காசியச் சுற்றில் இந்தியாவைக் கோலின்றி மறித்தோம். அவ்வாண்டு நவம்பரில் கொழும்பில் மாலைதீவுடன் 4-4 எனச் சமநிலை கண்டு, பங்களாதேசத்தை 2-1 என வென்று, இறுதியாட்டத்தில் சீஷெல்ஸ் அணியிடம் பெனால்டி உதைகளிலேயே கிண்ணத்தை இழந்தோம்.

அவ்வாறாயின் குறை எங்கே? ஆட்டங்களின் தொடர்ச்சியின்மையே முதற் குறை எனலாம். பந்து காலில் பழகுவது போல, அணியும் ஆடி ஆடியே பழக வேண்டும். ஆனால் 2023 ஜனவரியில், நிருவாகத்தில் வெளியார் தலையீடு உண்டெனக் கூறி பீபா நமது சம்மேளனத்தைத் தடைசெய்தது. ஓகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது. இடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியச் சுற்றில் நம் வீரர் ஆடவியலாது போயிற்று. மண்டபத்தில் எழுந்த பிணக்குக்கு மைதானத்தில் நின்றவன் விலை கொடுத்தான்.

பத்தாண்டின் கடைசி வரிகள் சற்று ஒளி தருகின்றன. 2024 மார்ச்சில் கொழும்பில் அதே பூட்டானை வென்றோம். செப்டெம்பரில், குவைத் நாட்டவரான அப்துல்லா அல் முத்தைரியின் பயிற்சியில், கம்போடியாவுடன் இரு ஆட்டங்களையும் சமநிலையில் முடித்து, பெனால்டி உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் இறுதிச் சுற்றை அடைந்தோம். 2025 ஜூனில் சீனத் தாய்ப்பேயையும் கொழும்பில் 3-1 எனத் தோற்கடித்தோம்.

இம்முன்னேற்றத்தில் வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த நம்மவரின் பங்கு பெரிது. அவர்கள் வரவு நன்றே. எனினும் அவர்களைப் பயிற்றியது அந்நாடுகளின் ஒழுங்கான இளைஞர் சுற்றுகள் என்பதை மறக்கலாகாது. அத்தகைய ஒழுங்கு இங்கும் அமைந்தால், ஒருகொடவத்தைச் சிறுவனும் அதே தரத்துக்கு உயர்வான். அவன் காலில் திறமை உண்டு. அவனுக்கு வேண்டியவை ஒரு மைதானமும், ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் போட்டியும், பிணக்கின்றி இயங்கும் நிருவாகமுமே. அடுத்த பத்தாண்டின் கணக்கு இம்மூன்றையும் பொறுத்தே எழுதப்படும்.