பேராக் கரையில் கிடைத்த ஒரு பெயர்

பாகான் டத்தோ என்றதும் தென்னந்தோட்டமும் பேராக் ஆற்றின் முகத்துவாரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். பழைய வரலாறு என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் நேரே கெடாவுக்கு, பூஜாங் பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். நம் பேராக் கடற்கரையிலேயே ஒரு பழம்பெயர் கல்லில் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னால் பலர் வியப்போடு பார்க்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து கரையோரமாக வடக்கே, லூமுட்டையும் தாண்டிப் போனால் மாத்தாங் சதுப்புநிலக் காடு வரும். அந்தப் பக்கம்தான் கோலா செலின்சிங். தைப்பிங்கில் உள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1920-களிலும் 1930-களிலும் அதை ஆராய்ந்தார். சிப்பி ஓடுகள் குவிந்து மேடான திட்டுகளில் மணிகள், பானை ஓடுகள், மனித எலும்புகள் எல்லாம் கிடைத்தன.

அந்த இடத்தில் கிடைத்தவற்றுள் ஒன்று, சூதுபவளக் கல்லில் செதுக்கிய சின்ன முத்திரை. அதில் தென்னிந்திய எழுத்தில், வடமொழியில், ‘ஸ்ரீ விஷ்ணுவர்மனுடையது’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்து 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்று கணித்தவர்கள் உண்டு; அதற்கும் பிந்தியது என்பாரும் உண்டு.

யார் இந்த விஷ்ணுவர்மன்? ‘வர்மன்’ என்று காஞ்சிப் பல்லவர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள். போர்னியோவில் மூலவர்மனும் ஜாவாவில் பூர்ணவர்மனும் ஆண்டிருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் வைத்து அவரைத் தமிழர் என்றோ, இங்கே ஆண்ட அரசர் என்றோ சொல்லிவிட முடியாது. முத்திரை கப்பலேறி வந்த பொருளாகவும் இருக்கலாம். ‘நம்ம ராஜா’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பும் அளவுக்கு இங்கே சான்று இல்லை.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய அதே காலத்து முத்திரை ஒன்று உண்டு. அது நீலக்கல்லில் செதுக்கியது. இப்போது வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘அலாரிக், கோத்துகளின் அரசன்’ என்ற எழுத்தும் ஒரு முகமும் அதில் உள்ளன. விசிகோத் அரசர் இரண்டாம் அலாரிக்கின் முத்திரை என்கிறார்கள்.

இந்த அலாரிக்கைப் பற்றி நிறையவே தெரியும். 484 முதல் 507 வரை, இன்றைய பிரான்சின் தென்பகுதியில் தூலூஸ் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டார். ஆண்டவர்கள் கோத்துகள், குடிமக்களில் பெரும்பாலோர் ரோமானியர். இரு தரப்பும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு வேறு பிரிவு. 506-இல் ரோமானியக் குடிமக்களுக்காக அவர்களுடைய பழைய சட்டங்களைத் தொகுத்து ஒரே நூலாக வெளியிட்டார். அவர்களுடைய ஆயர்கள் ஆக்ட் நகரில் மாநாடு கூடவும் அதே ஆண்டு அனுமதித்தார். மறு ஆண்டே பிராங்குகளின் அரசர் குளோவிஸ் படையெடுத்து வந்தார். வூயே போரில் அலாரிக் கொல்லப்பட்டார். தலைநகரும் பறிபோனது, அவருடைய மக்கள் ஸ்பெயினில்தான் நிலைத்தார்கள்.

தோற்ற அரசர்தான். ஆனாலும் அவருடைய சட்டநூலை வென்றவர்களின் நாட்டிலேயே கையால் படியெடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேற்கு ஐரோப்பா பல நூற்றாண்டுகள் ரோமானியச் சட்டத்தைப் பெரும்பாலும் அந்த நூல் வழியாகத்தான் அறிந்தது.

அலாரிக் பெரியவர், விஷ்ணுவர்மன் சிறியவர் என்பதல்ல விஷயம். ஒருவரைப் பற்றி எழுதி வைத்தார்கள், எழுதியதைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள். இன்னொருவரைப் பற்றி ஒரு கல்லைத் தவிர எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

வானொலியில் நேயர்களோடு பேசும்போது இதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் தாங்கள் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். லயம் இடிந்து, ஆட்கள் பட்டணத்துக்குப் போய், அங்கே இப்போது செம்பனை நிற்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தோட்டத்தின் பெயர் மட்டும் தெரியும், வேறொன்றும் தெரியாது.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். பெரட்டு எத்தனை மணிக்கு? கங்காணி யார், கிராணி யார்? கோயிலுக்கு எந்த ஆண்டு குடமுழுக்கு நடந்தது? தமிழ்ப்பள்ளி எப்போது இடம் மாறியது? யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள்? கைப்பேசியில் பதிவு செய்தாலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள், ஆண்டைக் குறிப்பிட்டு. பிறகு ஒரு நகல் எடுத்து, வெளியூரில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள்.